முதல் பரிசு வாங்கிய மூன்று வரி

ஊட்டியில் வெயிலும் மழையும் சேர்ந்து அடித்தால் ஊரே கொடியில் காயும் துணியை எடுக்க ஓடும். ஆறுக்குட்டி மட்டும் வாசலுக்கு ஓடுவார். லவ்டேல் ரோட்டில் அவர் வீட்டு வாசலில் நின்றால் கேத்திப் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும். அதற்கு மேலேதான் வானவில் விழும். "பங்கஜம், சித்த இங்க வா! எப்படி உழுந்திருக்குது பாரு!" என்று அங்கிருந்தே சத்தம் போடுவார்.

"நீங்களே பாத்துக்குங்க. இங்க உங்க வேட்டி நனையுது" என்பாள் அவர் சம்சாரம் பங்கஜம், வீட்டுக்குப் பின்னாலிருந்து.

இதையும் மனுசன் விட்டுவைக்கவில்லை. எழுதிவிட்டார்:

வானவில் வந்தது
துணி எடுக்கும் மனைவி
நிமிரவே இல்லை

வாட்ஸ்அப்பில் இதற்கு அத்தனை கைதட்டல். ஊரில் இருக்கிற பொம்பளைகள் எல்லாரும் நிமிர்ந்து நின்று வானத்தைப் பார்த்தால் துணியை எவன் எடுப்பானாம்? பங்கஜம் கேட்டுப் பார்த்தாள். ஆறுக்குட்டி சிரித்தார். அவர் சிரித்தால் அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சொந்த ஊர் அன்னூர்ப் பக்கம். சர்க்கார் ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்து மலை ஏறியவர், ரிட்டயர்டு ஆன பிறகும் இறங்கவில்லை. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், பெண்டாட்டி மேல் கை வைத்ததே கிடையாது. "உனக்கென்ன பங்கஜம், தங்கமான மனுசன்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். தங்கம்தான், யார் இல்லையென்றது? ஆனால் வீட்டில் ஒரு சிக்கல் என்று வந்துவிட்டால் அந்தத் தங்கம் கம்மென்று ஒதுங்கிக்கொள்ளும். மகன் தீபக்குக்குச் சின்ன வயதில் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தபோது இவர் வாசலில் நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் போன ஜீப்பை மறித்தவள் பங்கஜம். பிறகு கேட்டதற்கு, "எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை" என்றார். அவளுக்கு மட்டும் ஓடியதாக்கும்!

மார்க்கெட் பக்கத்தில் வர்க்கிக் கடை வைத்திருந்த ரவிச்சந்திரன் ஒரு ஹைக்கூ வட்டம் நடத்திவந்தார். கடை மாடியில் கூடுவார்கள். சுடச்சுட மொறுமொறு வர்க்கி, டீ, ஆளுக்கு மூன்று வரி. அந்தக் கூட்டத்துக்கு ஆறுக்குட்டிதான் சட்டாம்பிள்ளை. புதுசாக வந்த யாராவது நிலா பேசியது, மலை அழுதது என்று ஆரம்பித்தால் போதும், பிடித்துக்கொள்வார்.

"ஏனுங்க, மலை அழுததை நீங்க பாத்தீங்களா? ஹைக்கூங்கிறது கண்ணால கண்டது. காணாததை எழுதறவன் பொய்யன். என்ற ரெண்டு கண்ணுல படாத ஒரு சொல்லைக்கூட நான் வெச்சது கெடையாது."

அந்த விசயத்தில் மனுசன் சுத்தம்தான். வானவில் வராத மாசத்தில் அவர் வானவில் எழுத மாட்டார். பங்கஜமே அதற்குச் சாட்சி சொல்வாள்.

போன ஐப்பசியில் மகள் காயத்ரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை கீர்த்திவாசன் பனியன் கம்பெனியில் மேனேஜர். பேச்சில் தேன் ஒழுகும். மாமா, மாமா என்று ஆறுக்குட்டியின் ஹைக்கூவை எல்லாம் தன் போனில் ஸ்டேட்டஸ் வைப்பவன். மாமனாருக்கு அதிலேயே மனசு குளிர்ந்துவிடும்.

"லீவுக்கு வந்தேன்ப்பா" என்றாள் காயத்ரி அப்பாவிடம். ரெண்டு நாள் கழித்து அம்மாவை அடுப்படிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, தோளில் இருந்த துணியை இறக்கிக் காட்டினாள். தோளிலிருந்து முதுகு வரைக்கும் கன்றிக் கிடந்தது. அடி விழுந்து நாளான இடம் மஞ்சளும் பச்சையுமாக, புதுசாக விழுந்த இடம் நீலமும் கறுப்புமாக.

"எதுலடி கண்ணு அடிச்சான்?"

"இன்னதுலன்னு இல்லம்மா. கையில என்ன கெடைக்குதோ அதுல. நான் இனி அங்க போகமாட்டேன். நீ அப்பாகிட்டச் சொல்லு. அப்பா என்னை அனுப்பமாட்டாரு."

பங்கஜம் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள், ஆத்திரத்தில் சொன்னாள், சாப்பாடு போடும்போதும் சொன்னாள். ஆறுக்குட்டி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். அந்தச் சமயத்தில்தான் தீபக்குக்குக் கோயமுத்தூரில் பெண் பார்த்துப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அக்காக்காரி வாழாமல் வந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தால் பெண் வீட்டார் பின்வாங்குவார்கள். அது அவருக்குப் பயம். அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தாலாவது பங்கஜம் ஒரு சண்டை பிடித்திருப்பாள். அவர் சொன்னது வேறு.

"புருசன் பொண்டாட்டின்னா அப்படி இப்படித்தான் இருக்கும். அவ ஒண்ணு சொல்றா, நீ அதுக்கு ரெண்டு சேத்துச் சொல்றே. நான் கண்ணால எதையாச்சும் கண்டனா? காணாததை வெச்சு ஒரு குடும்பத்தைக் கலைக்கச் சொல்றியா?"

கட்டிக்கொடுத்த மகள் அப்பன் முன்னால் தோளைத் திறந்துகாட்டி, "பாருங்கப்பா" என்று நிற்பாளா? நில் என்று பெற்றவள்தான் சொல்வாளா?

அந்த வாரமே மாப்பிள்ளை காரில் வந்து இறங்கினான். ஆப்பிள், ஸ்வீட் பாக்ஸ், மாமனார் காலில் நெடுஞ்சாண்கிடை. "கோவத்துல ஏதோ பேசிட்டேனுங்க மாமா" என்றான். பேசினானாம்! ஆறுக்குட்டி அவனைத் தூக்கி நிறுத்தி, கண் கலங்கி, மகள் தலையில் கைவைத்து, "போயிட்டு வா சாமி, எல்லாம் சரியாயிரும்" என்று அனுப்பிவைத்தார். காயத்ரி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. காரில் ஏறும் முன் அம்மாவின் காதோரம், "அப்பா பாக்கலையில்லம்மா, அதனாலதான்" என்றாள். அனுப்பிவைக்கிற அப்பனுக்காக அந்த நேரத்திலும் பரிந்து பேசிவிட்டுப் போனாள், பாவி மகள்.

அதற்கப்புறம் பங்கஜம் தன்னையே திட்டிக்கொண்டாள். என்ற வாய்க்குச் சாமர்த்தியம் இல்லாமப் போச்சே, இன்னும் நல்லா எடுத்துச் சொல்லியிருந்தா அந்த மனுசனுக்குப் புரிஞ்சிருக்குமே என்று. போன் செய்தால் காயத்ரி "நல்லாயிருக்கேன்" என்பாள். அந்த நல்லாயிருக்கேனைக் கேட்ட அன்றைக்குப் பங்கஜத்துக்குச் சோறு இறங்காது. இதற்கு நடுவில் தீபக்குக்குப் பெண் உறுதியானது. ஆறுக்குட்டி நிம்மதியாக வானத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

மாசி மாசம் ஹைக்கூ வட்டத்தின் ஆண்டு விழா வந்தது. அந்த வருசப் போட்டிக்குத் தலைப்பே வானவில். கேட்க வேண்டுமா? ஆறுக்குட்டிக்குத் தலைகால் புரியவில்லை. பங்கஜத்தையும் பட்டுச்சேலை கட்டச் சொல்லிக் கூட்டிப்போனார். ஒரு கல்யாண மண்டபத்தில் மேடை, மைக், குன்னூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் வந்த ஆட்கள், எல்லாரும் ஸ்வெட்டரும் குல்லாவுமாக. ரவிச்சந்திரன் மைக்கைப் பிடித்து, முதல் பரிசு ஆறுக்குட்டிக்கு என்று அறிவித்து, கவிஞரே வந்து வாசிக்க வேண்டும் என்றார். ஆறுக்குட்டி மேடை ஏறினார். ஒரு தடவை பெண்டாட்டி உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்:

தலை துவட்டும் மகள்
தோளில் ஒரு வானவில்
எங்கே பெய்த மழை?

மண்டபமே கைதட்டியது. ரவிச்சந்திரன் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். "பாருங்க, ஈரத் தலைமுடி. அதுல சொட்டற தண்ணி மேல காலை வெயில் படுது. மக தோள் மேல வானவில்லே உழுந்துருச்சு! மழை பெய்யல, ஆனா வானவில் இருக்குது. என்ன ஒரு அழகு! பெத்த அப்பனுக்குத்தானுங்க இந்தக் கண்ணு வரும்." ஆறுக்குட்டி ரெண்டு கையையும் கூப்பித் தலை குனிந்தார். பொன்னாடை போட்டார்கள்.

பங்கஜத்துக்குக் கைதட்டல் எதுவும் காதில் விழவில்லை. காயத்ரி வந்த மறுநாள் காலை அவள் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. குளித்துவிட்டு நைட்டியோடு, வீட்டுக்குப் பின்னால் வெயிலில், அடுப்படி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து தலை துவட்டினாள் மகள். கையில் பேப்பரோடு அவள் முதுகுப் பக்கமாக வந்த ஆறுக்குட்டி, வந்த வழியே திரும்பிவிட்டார். அன்றைக்குக் காபி ஆறிப்போய்க் கிடந்தது, எடுத்துக் குடிக்கவில்லை. ஏதோ எழுத்து யோசனை என்று பங்கஜம் நினைத்தாள். கண்ணில் படாத ஒரு சொல்லைக்கூட வைக்காத மனுசன்! அவள் அடுப்படியில் அந்தத் தோளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் சோற்றைப் பிசைந்தார். பார்த்துவிட்டுத்தான் தலையில் கைவைத்து அனுப்பினார்.

எழுந்து வெளியே வந்தாள். படிக்கட்டில் அவர் பின்னாலேயே ஓடிவந்தார், தோளில் பொன்னாடையோடு.

"பாத்தீங்களா?" என்றாள் பங்கஜம்.

எதைச் சொல்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. "அழுதுட்டேதான் எழுதினேன் பங்கஜம். எழுதாம என்னால இருக்க முடியலை."

"சொல்லாம மட்டும் இருக்க முடிஞ்சுதாக்கும்? நாயாட்டம் உங்க காலைச் சுத்தி வந்து அழுதனே, அன்னைக்கு 'ஆமா புள்ள, நானும் பாத்தேன்'னு ஒரு வார்த்தை வந்துச்சா உங்க வாயில? ஊருக்கெல்லாம் மைக்குல சொல்றீங்க!"

"யாருக்கும் புரியலை. நீயும் பாத்தீல்ல, அவங்க வேற ஏதோ நெனச்சுட்டாங்க."

"அது எனக்குப் புரிஞ்சுதுங்க. தூ!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து புருசனை அப்படி ஒரு சொல் சொன்னவள் இல்லை. கட்டிய பட்டுச்சேலையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கி, பஸ் மாறி, திருப்பூர் போய்ச் சேரப் பொழுது சாய்ந்தது. மாப்பிள்ளை இன்னும் கம்பெனியிலிருந்து வந்திருக்கவில்லை. கதவைத் திறந்த காயத்ரியின் காலடியில் பை கட்டி வைத்திருந்தது. பங்கஜம் உள்ளேகூட நுழையவில்லை.

"கெளம்பு சாமி. நம்ம ஊட்டுக்குப் போலாம். எவன் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன். தீபக் கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

காயத்ரி போனைத் திருப்பிக் காட்டினாள். கீர்த்திவாசனின் ஸ்டேட்டஸ். பொன்னாடையோடு ஆறுக்குட்டி, கீழே அந்த மூன்று வரி, அதற்குக் கீழே 'எங்க மாமாவுக்கு முதல் பரிசு', கைதட்டுகிற பொம்மைகள்.

"அப்பா பாத்திருக்காரும்மா" என்றாள் காயத்ரி. குரலில் அழுகை இல்லை. பங்கஜத்துக்கு அதுதான் பயமாக இருந்தது. "பாக்கலைன்னு நெனச்சுத்தான் இத்தனை நாளும் இங்க தாங்கிட்டுக் கெடந்தேன். அப்பா கண்ணால கண்டா வந்துருவாரு, கூட்டிட்டுப் போயிருவாருன்னு. பாத்துட்டுத்தான் அனுப்பினாருன்னா, எனக்கு இந்த ஊடும் அந்த ஊடும் ஒண்ணுதான்."

பங்கஜம் கெஞ்சினாள், கையைப் பிடித்து இழுத்தாள். மகள் அசையவில்லை. கூடப் படித்த லவ்டேல் ஸ்டெபி கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அவளோடு பேசி முடிவு செய்துவிட்டுத்தான் காயத்ரி பை கட்டியிருந்தாள். அம்மாவும் மகளும் கோயமுத்தூர் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் பங்கஜம் அழுதாள். காயத்ரிதான் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு வந்தாள்.

ஸ்டெபியின் ரூமில் மகளை விட்டுவிட்டு மறுநாள் பங்கஜம் ஊட்டி திரும்பினாள். ஆறுக்குட்டி ஷேவ் பண்ணாத முகத்தோடு வாசலில் நின்றிருந்தார். அவளுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார்.

"காயத்ரி வரலையா?"

"வரலை."

"ஏன்? என்ன சொன்னா?"

கண் நிறையத் தண்ணீர். பொய்த் தண்ணீர் இல்லை, பங்கஜத்துக்கு அது தெரியும். மனுசனுக்கு மகள் என்றால் உயிர். அதிலும் பொய் இல்லை.

"அவ வாயால என்ன சொன்னாளோ, ஒரு சொல்லு விடாம அப்படியே சொல்லு, பங்கஜம்."

பங்கஜம் அவர் முகத்தைப் பார்த்தாள். இதைக் கேட்பது பெற்றவனா, எழுதுகிறவனா? இத்தனை வருசம் கூட வாழ்ந்தவளுக்கே பிடிபடவில்லை. இந்த ஊடு அந்த ஊடு என்று காயத்ரி சொன்னது மூன்று வரிக்கு மேல் வராது. அப்படியே தூக்கி மேடையில் வாசிக்கலாம்.

"சொல்லமாட்டேனுங்க" என்றாள்.

அவர் மறுபடியும் கேட்டார். அப்புறமும் எத்தனையோ தடவை கேட்டார், கெஞ்சிக் கேட்டார், ஒரு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்தும் கேட்டார். அவள் இன்று வரைக்கும் சொல்லவில்லை.