உப்பல் பள்ளியில் ஓர் இடம்

நான் ஓர் அரசுத் தொழிற்சாலையின் கொள்முதல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு திருகாணி வாங்குவதென்றாலும் மூன்று பேரிடம் விலை கேட்டு, ஒப்பீட்டு அட்டவணை போட்டு, இவரிடம் ஏன் வாங்குகிறோம், அவரிடம் ஏன் வாங்கவில்லை என்று காரணம் எழுதி, நிதித் துறையின் கையெழுத்து வந்த பிறகே வாங்கிப் பழகியவன். குஷாய்குடாவில் எங்கள் தொழிற்சாலைக்காரர்கள் வீடு கட்டிக்கொண்ட தெருவில் பாதிப் பேர் இப்படித்தான். எங்களிடம் மாம்பழம் விற்றுவிட்டுப் போகும் வண்டிக்காரர் வேறு எந்தத் தெருவுக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

அதனால் பேரனுக்குப் பள்ளி தேடும் பொறுப்பு என்னிடம் வந்தபோது எனக்குக் கவலையே இல்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. ஓய்வு பெற்றவனை நம்பி யாரும் ஒரு கோப்பைக் கொடுப்பதில்லை.

மகளுக்கும் மருமகனுக்கும் மாதாப்பூரில் வேலை. ஆளுக்கு ஒரு மென்பொருள் நிறுவனம். நகரத்தின் கிழக்குக் கோடியில் எங்கள் வீடு, மேற்குக் கோடியில் அவர்கள் அலுவலகம். காலையில் ஆபீஸ் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். திரும்பி வருவதற்குள் பையன் பெரும்பாலும் தூங்கியிருப்பான். கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து அவன் எங்களிடம்தான் வளர்ந்தான். என் மனைவி கையால்தான் சாப்பாடு, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பால் பூத். நாங்கள் தமிழில் கேட்பதெல்லாம் அவனுக்குப் புரியும். பதில் தெலுங்கில் வரும். பிடிக்காத காய் தட்டில் விழுந்தால் மட்டும் "நக்கோ" என்பான், தெருமுனை மெக்கானிக் கடையில் கற்றுக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா, ஒன்னாம் வகுப்புக்கு இந்தப் பக்கம் நல்ல ஸ்கூல் கிடைச்சா இங்கயே இருந்துர்றோம். கிடைக்கலேன்னா ஆபீஸ் பக்கம் கொண்டாப்பூர்ல ஃபிளாட் பாக்க வேண்டியதுதான். பாதி ஆயுசு ரோட்லயே போகுதுப்பா."

அவள் மிரட்டவில்லை. நியாயமாகத்தான் பேசினாள். ஆனால் எனக்கு ஒப்பந்தத்தின் சாரம் விளங்கிவிட்டது. இங்கே ஓர் இடம் கிடைத்தால் பையன் எங்கள் வீட்டில் இருப்பான். கிடைக்காவிட்டால் இருக்க மாட்டான்.

"நீங்களும் எங்ககூட வந்துருங்க" என்றும் சொன்னாள். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை மனதில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லும்போது எப்படிச் சொல்வார்களோ, அப்படி.

அட்டவணை போட்டேன். எங்கள் வீட்டைச் சுற்றிப் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. பெட்ரோல் பங்க் மேலே ஒன்று, கல்யாண மண்டபத்தின் பின்னால் ஒன்று. டெக்னோ என்பார்கள், கான்செப்ட் என்பார்கள், ஒலிம்பியாட் என்பார்கள். ஒன்றில், பென்சிலை இன்னும் முழுக் கையாலும் பிடிக்கிற குழந்தைகளுக்குப் பொறியியல் நுழைவுத் தேர்வின் அடித்தளம் போட்டுத் தருவதாகப் பலகை வைத்திருந்தார்கள். விளையாட்டு மைதானம் எங்கே என்று கேட்டேன். மொட்டை மாடியைக் காட்டினார்கள்.

எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பிலேயே ஒரு பள்ளி உண்டு. அதில் வேலையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு முதல் உரிமை. பிறகு மற்ற அரசு ஊழியர்கள். ஓய்வு பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள் கடைசி வரியில் இருந்தார்கள், 'இடம் இருப்பின்' என்ற சொல்லோடு. இடம் இருந்ததே இல்லை. நியாயத்துக்காக அரசுப் பள்ளியையும் அட்டவணையில் சேர்த்திருந்தேன். மகள் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள்.

கடைசியில் மிஞ்சியது உப்பலில் இருந்த ஒரு பழைய அறக்கட்டளைப் பள்ளி. உண்மையான மைதானம், உண்மையான வேப்பமரங்கள், வருடக்கணக்காக மாறாத ஆசிரியர்கள். கட்டணமும் தாங்கக்கூடியது. மகளுக்கும் பிடித்தது, மருமகனுக்கும் பிடித்தது. வீட்டில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தது அந்த ஒரு விஷயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல். விண்ணப்பம் கொடுத்த பிறகு பெற்றோரையும் குழந்தையையும் 'இன்டராக்‌ஷன்' என்று அழைப்பார்கள். முன்பு அதன் பெயர் இன்டர்வியூ. குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்த்துச் சேர்க்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு பெயரை மாற்றிக்கொண்டார்கள். நாற்காலியும் மேசையும் கேள்வியும் அப்படியே இருந்தன.

இங்கேதான் நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். எங்கள் துறையில் ஒப்பந்தப்புள்ளி கொடுப்பதற்கு முன் ஐயங்கள் இருந்தால் எழுத்து மூலம் விளக்கம் கேட்கலாம். கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. விளக்கமே கேட்காமல் ஒருவர் விலை போட்டால் அவரைத்தான் சந்தேகப்படுவோம், படித்தே பார்க்கவில்லை என்று. ஆகவே பள்ளி முதல்வருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். சேர்க்கைக்கான அளவுகோல்கள் என்னென்ன, ஒவ்வொன்றுக்கும் என்ன மதிப்பு, இன்டராக்‌ஷன் என்பது சட்டத்தின் எந்தப் பிரிவோடு பொருந்துகிறது, தேர்வாகாதவர்களுக்குக் காரணம் எழுத்தில் தெரிவிக்கப்படுமா. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு.

என் மனைவி கேட்டாள்: "ஏங்க, ஸ்கூலுக்கு எதுக்கு ரிஜிஸ்டர் தபாலு? ஒரு நடை போயிக் கேட்டா ஆகாதா?"

"நேர்ல கேட்டா ஆதாரம் இருக்காது."

"ஆதாரத்த வச்சு என்ன பண்ணப் போறீங்க? ஃபிரேம் போட்டு மாட்டவா?"

பள்ளியிலிருந்து பதில் வரவில்லை. நியாயமான இடைவெளி விட்டு நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லாததால், நடைமுறைப்படி, அடுத்த நினைவூட்டலின் நகலை அறக்கட்டளைத் தலைவருக்கு அனுப்பினேன். இதில் கோபதாபம் எதுவும் கிடையாது. நகல் போடுவது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி.

இன்டராக்‌ஷனுக்குப் குழந்தையோடு பெற்றோர் மட்டும் வர வேண்டும் என்று அழைப்பு அட்டையில் இருந்தது. மருமகன் விடுப்பு எடுத்தார். முந்தைய நாள் சாயங்காலம் அவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தேன். எந்தக் கேள்விக்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் குறித்துக் கொடுத்தேன். மருமகன் கோயம்புத்தூர்க்காரர், சிரிக்காமல் கிண்டல் செய்வார்.

"மாமா, ஸ்கூலுக்குத்தானுங்க போறோம். ஜாமீனுக்கு ஆள் யாராச்சும் கூட்டிட்டுப் போகணுமுங்களா?"

நானும் அவர்களோடு காரில் போனேன். கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே போன பையன் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். வெளியே வரும்போது கையில் சாக்லேட் இருந்தது. மகள் முகம் சரியாக இல்லை. கார் உப்பல் நாற்சந்தியைத் தாண்டிய பிறகு மருமகன்தான் ஆரம்பித்தார்.

"பையன் நல்லாத்தான் பேசுனானுங்க மாமா. என்ன மிருகம் புடிக்கும்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க, இவன் தெலுங்குல 'ஏனுகு'ன்னான். யானை மாதிரி நடந்தும் காட்டுனான். பிரின்சிபால் அம்மா சிரிச்சுட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் விண்ணப்பத்துல இருந்த அட்ரஸப் பாத்தாங்க."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னாள். "இந்த அட்ரஸ்ல இருந்து எங்களுக்கு நிறைய லெட்டர் வந்திருக்கேன்னாங்க. எங்க அப்பான்னு சொன்னேன். வீட்டுலதான் இருக்காரான்னு கேட்டாங்க. ஆமா, பையன அவங்கதான் பாத்துக்கறாங்க, ஸ்கூலுக்குக் கொண்டுவந்து விடறதும் அவருதான்னு சொன்னேன். நீங்கதான அதச் சொல்லச் சொன்னீங்க?"

சொல்லச் சொன்னது நான்தான். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிற வீட்டில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முழு நேரமும் படித்த ஓர் ஆள் இருப்பது எங்கள் விண்ணப்பத்தின் பலம் என்று நினைத்தேன். பொருளோடு சேவையும் உண்டு என்கிற மாதிரி.

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"ரொம்ப விஷயம் தெரிஞ்சவர் போலிருக்குன்னாங்க. சிரிச்சாங்க. அப்புறம் போகச் சொல்லிட்டாங்க."

"மொத்தத்துல மாமா," என்றார் மருமகன், "உங்களப் பத்தித்தான் நெறயக் கேட்டாங்க. உங்களுக்கு சீட்டு கிடைச்சாலும் கிடைக்குமுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பையன் மட்டும் எங்களைப் பார்த்து எதற்கும் இருக்கட்டும் என்று சிரித்து வைத்தான்.

பள்ளி அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியபோது நானே போய்ப் பார்த்தேன். மேலிருந்து கீழே படித்தேன், பிறகு கீழிருந்து மேலே. காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒரு திருகாணிக்காரரைத் தள்ளுவதற்குக்கூட நான் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

அடுத்து என்ன செய்யலாம் என்பது எனக்கு மனப்பாடம். மாவட்டக் கல்வி அதிகாரிக்கு முறையீடு, அங்கிருந்து மேலே, அதற்கும் மேலே. முறையீட்டை எழுதி முடித்தேன். என் வாழ்நாளில் எழுதியவற்றில் அது நல்ல கடிதம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மகள் ஆபீசிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்கப்பா."

"இதுக்கு அவங்களால பதில் சொல்ல முடியாது."

"ஜெயிச்சா என்ன ஆகும்?"

"இடம் குடுத்தே ஆகணும்."

"குடுத்தப்புறம் இவன்தானப்பா தினமும் அங்க போய் உக்காரணும்? பத்து வருஷம்?"

 வழக்குப் போட்டு எங்களை ஜெயித்த ஒப்பந்ததாரர்களை நாங்கள் பிறகு எப்படி நடத்தினோம் என்பது எனக்குத் தெரியும். சட்டப்படி எந்தத் தவறும் செய்ய மாட்டோம். அவர்களுடைய பில் மட்டும் எப்போதும் மேசையின் அடியில் போய்ச் சேரும். ஒன்றாம் வகுப்புப் பையனை யாரும் அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம். அவன் கை தூக்கும்போது வேறு பக்கம் பார்த்தால் போதும். அதற்கு எந்த அதிகாரியிடம் முறையிடுவது? கடிதம் அனுப்பப்படவில்லை.

கொண்டாப்பூர் பள்ளி ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்தது. அவர்கள் பையனை எதுவும் கேட்கவில்லை, பெற்றோரையும் கேட்கவில்லை. கட்டணத்தை எப்படிச் செலுத்துவீர்கள் என்பது மட்டும்தான் கேள்வி. குளிரூட்டிய வகுப்பறை, நீச்சல் குளம், பள்ளி விட்டதும் குழந்தைகளை டே-கேருக்கு அழைத்துப்போக வேன். இரவு வரை அங்கே வைத்துக்கொள்வார்களாம். "எல்லாமே பக்கத்துலயே இருக்கு மாமா" என்று மருமகன் ஆறுதலாகச் சொன்னார். எதற்குப் பக்கத்தில் என்று நான் கேட்கவில்லை.

சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது பையன் முன் இருக்கையில் ஏறிக்கொண்டு, எனக்கும் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். நான் ஏறவில்லை என்றதும் "தாத்தா, நுவ்வு ராவா?" என்றான். நீ வரலையா என்று. நான் பின்னால் வருவதாகச் சொன்னேன். பெரியவர்கள் சொல்வதை அவன் அப்போதெல்லாம் நம்புவான்.

முதலில் சனிக்கிழமைதோறும் வந்தார்கள். பிறகு சனிக்கிழமைகளில் நீச்சல் வகுப்பு வந்துவிட்டது. என் மனைவி அவன் தட்டைக் கழுவித் துடைத்து மேல் அலமாரியில் வைத்தாள்.

ஒரு புதன்கிழமை, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். மனைவியிடம் வங்கி என்று சொன்னேன். செகந்திராபாத்தில் பஸ் மாறி, கொண்டாப்பூர் போய்ச் சேர்ந்தபோது பள்ளி விடுகிற நேரம். அவனை டே-கேருக்குப் போக விடாமல் நானே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், மகள் வரும் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். பக்கத்து ஃபிளாட்டில் சாவி இருப்பது எனக்குத் தெரியும்.

கேட்டில் காவலாளி மரியாதையாகக் கையை நீட்டினார். "கார்டு ஹோனா சாப்."

பிள்ளையை அழைத்துப்போகிறவர்களுக்குப் படம் ஒட்டிய அட்டை கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஹிந்தியில், நான் குழந்தையின் தாத்தா, அம்மாவின் அப்பா, நானா என்றேன். என் ஓய்வூதிய அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நானா ஹோ யா தாதா ஹோ, கார்டு ஹோனா சாப்."

அம்மாவின் அப்பாவோ, அப்பாவின் அப்பாவோ, அட்டை வேண்டும். எதிர்த்துப் பேச எதுவும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன். மகளுக்கு அவர் போனிலிருந்தே அழைத்தார், என் போனிலிருந்தும் அழைத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மீட்டிங்கில் இருப்பாள். மருமகனின் போன் அணைந்திருந்தது. காவலாளி தன் நாற்காலியை எனக்குப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கம்பிக் கதவு வழியாக உள்ளே தெரியாது.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். நீலச் சட்டையில் எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாலும் அவன் நடை எனக்குத் தெரியும். அவன் என்னைப் பார்த்துவிட்டான். "தாத்தா!" என்று கத்திவிட்டு, பக்கத்தில் வந்த ஆயாவிடம் ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாக, அது என் தாத்தா, எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று சொன்னான். எங்கள் வீடு என்று எதைச் சொன்னான் என்று தெரியவில்லை. ஆயா காவலாளியைப் பார்த்தாள். காவலாளி தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் அவன் முதுகில் கை வைத்து மெதுவாக வேன் பக்கம் திருப்பினாள். அவன் அழவில்லை. பழகியிருந்தான்.

வேன் கேட்டைத் தாண்டும்போது நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். அவன் அந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்துவிட்டான் போலிருக்கிறது. நான் நின்ற பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் குழந்தைதான் தெரிந்தது. தூக்கிய கையை இறக்கத் தோன்றாமல் அதற்கே ஆட்டினேன். அதுவும் ஆட்டியது.