கிரீஸ் வைத்த கை

இந்த வளைகுடா நாட்டில் எடை குறைந்த சாமானுக்குத்தான் விலை கூடுதல். இது எனக்குப் பிடிபடவே ஒரு வருடம் ஆனது. எங்கள் கரையில் நங்கூரமோ சங்கிலியோ வாங்கப் போனால் தூக்கிப் பார்ப்போம், கனம் இருந்தால்தான் பேச்சு. இங்கே நான் வேலை பார்க்கும் டயர் கடைக்கு வருகிறவர்களும் சக்கரத்தைத் தூக்கித்தான் பார்க்கிறார்கள். கனமாக இருந்தால் உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்துவிடுகிறார்கள். கடையில் ஒரு தராசு கிடக்கிறது. ஆள் ஏறி நின்று பார்க்கிற தராசு. அதில் சக்கரத்தைக் கிடத்தி, முள் எங்கே நிற்கிறது என்று நாலு பேர் குனிந்து பார்ப்பார்கள். பிறந்த பிள்ளையை நிறுக்கிற மாதிரி இருக்கும்.

அப்படி வந்தவன்தான் சயீத். இந்த ஊர்க்காரன், ஏதோ அலுவலகத்தில் வேலை. பழைய ஜப்பான் வண்டி ஒன்று வைத்திருந்தான், இரண்டு கதவு. வெள்ளிக்கிழமை காலையில் அதை டிராக்குக்குக் கொண்டுபோவான். அது பந்தயம் இல்லை. யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் அங்கே முடிந்த மட்டும் விரட்டலாம். எதிரி கிடையாது, பரிசு கிடையாது. வண்டியிலிருந்து பின் சீட்டைப் பிடுங்கியாயிற்று, கம்பளத்தைப் பிடுங்கியாயிற்று, பாட்டுப் பெட்டியையும் பிடுங்கியாயிற்று. மிச்சம் சக்கரம். சீட்டின் எடை ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிறது, அதை ஸ்பிரிங் தாங்கும். சக்கரத்தின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே. அது ஒவ்வொரு குழியிலும் குதிக்கும், ஒவ்வொரு பிரேக்கிலும் எதிர்க்கும். அங்கே ஒரு கிலோ குறைத்தால் மேலே பல கிலோ குறைத்த மாதிரி என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். அவனுக்கு அரபியும் ஆங்கிலமும். எனக்கு இரண்டிலும் சக்கரத்துக்கு வேண்டிய அளவு.

மூன்று வாரம் தேர்ந்தெடுத்தான். பழைய சக்கரம் பதினோரு கிலோ. உருக்கி வார்த்த சக்கரம் ஒன்று வந்தது, ஒன்பது கிலோ, பார்க்க நன்றாக இருந்தது. அடியோரமாக விரலால் சுண்டினான், சத்தம் பிடிக்கவில்லை, ஒதுக்கினான். வார்த்தது லேசாக இருந்தால் உடையும், அழுத்தி அடித்துச் செய்தது லேசாக இருந்தாலும் உடையாது என்றான். கடைசியில் ஏழு கிலோவுக்கு ஒன்று வரவழைத்தான். பதினெட்டு இஞ்ச் வேண்டாம், பதினேழு போதும், பிரேக் உள்ளே இடிக்காமல் இருந்தால் சரி. டயர் மெத்தென்று இருந்தது, நகம் பதியும். சூடேறினால் பசை மாதிரி ரோட்டைப் பிடிக்கும், சில நாள் ஓட்டத்தில் தேய்ந்து தீர்ந்துவிடும். நான் பொறுக்காமல் கெட்டி டயர் ஒன்றைத் தூக்கிக் காட்டி, “ஸ்ட்ராங். மெனி இயர்” என்றேன். அவன் சிரித்தான். “மெனி இயர் வேண்டாம். இருபது நிமிஷம் போதும்” என்றான். எனக்கு அவன் பைத்தியம் என்று தோன்றியது. என்னைப் பற்றி அவனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

சக்கரத்தை மாட்டியது நான். ஐந்து வீல் போல்ட் ஒரு சக்கரத்துக்கு. புதுச் சக்கரத்துக்காக நீளமான போல்ட் வாங்கியிருந்தான். நான் ஒவ்வொன்றின் புரியிலும் விரலால் கிரீஸ் வைத்தேன். யாரும் சொல்லவில்லை. எந்தப் புரியைக் கண்டாலும் என் கை கிரீஸைத் தேடும். பதினாறு வயதில் அப்பாவோடு வள்ளத்தில் போகும்போது ஒருநாள் மடி, மீன் வலைதான், இஞ்சின் காற்றாடியில் சுற்றிக்கொண்டது. காற்றாடியைக் கழற்றினால்தான் அறுத்தெடுக்கலாம். நட்டு உப்புப் பிடித்து இறுகிப்போயிருந்தது, அசையவில்லை. அதற்குக் கிரீஸ் போட்டு வைப்பது என் வேலை. போடவில்லை. அலை எங்களைப் பாறைமேல் கொண்டுபோய் அடித்தது. வள்ளத்தின் விலா உடைந்தது, அப்பாவின் கை உடைந்தது. கரையேறியதும் உடையாத கையால் அதே ஸ்பேனரை எடுத்து என் முதுகில் அடித்தார். “உப்புல கெடக்கப்பட்ட இரும்புக்கு என்னலே வேணும்? சொல்லுலே!” “கிரீசு.” “கேக்கல!” “கிரீசு, அப்பா!” ஒவ்வொரு அடிக்கும் சொல்ல வைத்தார். பிறகு நான் மறந்ததில்லை. இந்தக் கடையிலும் மூன்று வருடமாக எல்லா வண்டிக்கும் வைத்திருக்கிறேன். ரோட்டில் போகிற வண்டி, ஒன்றும் ஆகவில்லை.

நட்டு முறுக்கியது குல் கான். பெஷாவர் பக்கத்து ஆள், என் அறையில் எனக்கு மேல் கட்டில். எங்களுக்குள் இந்தி, இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. அளவு ரெஞ்சால் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை முறுக்கி, ஒவ்வொரு நட்டிலும் வெள்ளை மையால் கோடு போடுவான். சுத்தமான வேலைக்காரன்.

அந்த வெள்ளிக்கிழமை காற்றுப் பார்க்க என்னையும் சயீத் டிராக்குக்குக் கூட்டிப்போனான். டயர் சூடாகச் சூடாக உள்ளே காற்று ஏறும், ஒவ்வொரு முறை வரும்போதும் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். இரண்டு முறை வந்து போனான். சந்தோஷத்தில் என் தோளில் குத்தினான். மூன்றாவது முறை, வலதுபக்கம் திரும்புகிற வளைவில், முன் இடது சக்கரம் வண்டியை விட்டுத் தனியாக ஓடியது. சக்கரம் வண்டியை முந்திக்கொண்டு போனது, தடுப்பில் மோதி மேலே எழும்பியது. வண்டி மூன்று காலில் தரையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் பக்கவாட்டாக அடித்தது. இரும்பு மடங்குகிற சத்தம் அலை உடைகிற சத்தத்தைவிடச் சின்னது. கதவை அறுத்துத்தான் அவனை எடுத்தார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் கிடந்தது. தலைக்கவசத்துக்குள் அவன் சொல்லிக்கொண்டிருந்தது அம்மா என்றுதான். அந்த அரபிச் சொல் எனக்குத் தெரியும்.

ஆம்புலன்ஸ் போனபிறகு டிராக்கின் இஞ்சினியர், ஒரு வெள்ளைக்காரர், அறுந்த போல்ட்டில் விரலை வைத்துத் தேய்த்தார். விரல் நுனியைப் பார்த்தார். என் சட்டையில் உள்ள கடைப் பெயரைப் பார்த்தார். “யார் முறுக்கியது?” என்று கேட்டார்.

“குல் கான்” என்றேன்.

பொய் இல்லை. கேட்டதற்குப் பதில்.

கடை ஃபோர்மேன் ஷாஜிக்குக் கொல்லம். அன்று மாலையே என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். காய்ந்த புரிக்குத்தான் அந்த ரெஞ்சு அளவு, கிரீஸ் இருந்தால் நட்டு வழுக்கிக்கொண்டே போகும், ‘டக்’ என்று வருவதற்குள் போல்ட் இழுபட்டு உள்ளே செத்துவிடும் என்று அந்த இஞ்சினியர் அவரிடம் சொல்லியிருக்கிறார். “எடோ, நீயாணோ கிரீஸ் வெச்சது?” நான் விரலைச் சட்டையில் துடைத்தேன். “செரி. நீ மிண்டாண்டிரு. கேட்டது முறுக்கினது ஆருன்னு அல்லே? அது அவனாணு. நீ வாய் தொறந்தா ஜெயிலு, பின்னே பெட்டி கெட்டி நாட்டிலேக்கு.”

மிண்டாமல், வாய் திறக்காமல் இருப்பது எனக்குப் புதிது இல்லை. சுனாமி கழிந்த மறு வருடம் எங்கள் கரையில் அடிதடி நடந்தது. குளச்சலுக்குப் பக்கத்துக் கரை, பேர் வேண்டாம். வறுவேல் என்ற கரைக்காரனின் வள்ளம் எங்கள் மடிக்கு மேலே ஏறிப்போய்க் காற்றாடியால் துண்டு துண்டாக்கியது. சுனாமிக்குப் பிறகு கிடைத்த முதல் மடி. கேட்கப்போன இடத்தில் கல் வந்தது, பிறகு அரிவாள் வந்தது. வறுவேல் என் அண்ணன் மிக்கேலின் கழுத்தைப் பிடித்து மணலில் அழுத்தினான். நான் துடுப்பை எடுத்து அவன் முகத்தில் வீசினேன். தேங்காய் உடைகிற மாதிரிச் சத்தம். வலது கண் போனது. மிக்கேல் எழுந்து துடுப்பை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். “எலே, ஓடு. ஒனக்கு விசா வந்தாச்சு. நான் பாத்துக்கிடுதேன்.” “அண்ணே, அடிச்சது நானில்லியா?” “வாய மூடுலே, ஓடு!” போலீஸ் வந்தபோது துடுப்பு யார் கையில் இருந்தது என்றுதான் என்னிடம் கேட்டார்கள். மிக்கேல் கையில் என்றேன். அதுவும் பொய் இல்லை. வறுவேலும் அவன் கையில்தான் கண்டான். பத்தாம் நாள் நான் விமானம் ஏறினேன். அண்ணன் எட்டு மாதம் உள்ளே இருந்தான். வழக்கு இன்னும் நடக்கிறது. இரணியல் கோர்ட்டுக்கு நடந்து நடந்து அவன் கடலுக்குப் போவது பாதியாகிவிட்டது.

சயீதுக்கு அடிபட்ட நாலாம் நாள் அவன் மூத்த அண்ணன் இரண்டு பேரோடு கடைக்கு வந்தான். முறுக்கியவன் யார் என்று கேட்டான். குல் கான் எழுந்து நின்றான். ஓடவில்லை. ரெஞ்சு காட்டி, வெள்ளைக் கோடு காட்டி ஏதோ சொல்லப் பார்த்தான். முதல் குத்து வாயில். விழுந்தவனை உதைத்தார்கள். அண்ணன்காரன் சக்கரம் கழற்றுகிற நாலுமுனை ஸ்பேனரை எடுத்தான். விலா உடைந்தது எனக்குக் கேட்டது. அவன் அழவில்லை, ‘க்யா கியா மே நே’ என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். நான் என்ன செய்தேன் என்று அர்த்தம். தரையில் கிடந்தபடி அதை என்னைப் பார்த்துக் கேட்டான். ஏனென்றால் அந்தக் கடையில் அவனுக்குக் கூட்டாளி நான்தான்.

ஷாஜி என் கையைப் பிடித்தார். உதறினேன். நடுவில் போய் நின்று “அனா” என்றேன். நான் என்று அர்த்தம். “அனா கிரீஸ். ஹுவ நோ. அனா.” கிரீஸ் வைத்தது நான், அவன் இல்லை. கிரீஸ் டப்பாவை எடுத்து, போல்ட்டில் விரலால் வைத்துக் காட்டினேன். அண்ணன்காரனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் ஸ்பேனரைத் திருப்பினான். இரண்டு பல் போனது, தாடை இன்றும் நேராக மூடாது. ஊரில் அப்பா அடித்தபோது வலித்த அளவு வலிக்கவில்லை. அதை ஏன் என்று யோசித்திருக்கிறேன்.

ஜெயில் வரவில்லை. சயீத் புகார் கொடுக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து ஊன்றுகோலோடு கடைக்கு வந்தான். கால் குட்டையாகியிருந்தது. பின்னால் வேலைக்காரன் நாலு சக்கரத்தை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தான், அதே ஏழு கிலோ ரகம். வேறு வண்டி வாங்கியிருக்கிறான். என்னை மன்னிப்புக் கேட்கவும் விடவில்லை, அவனாகக் கொடுக்கவும் இல்லை. “கிரீஸ் மாஃபி” என்றான். கிரீஸ் கிடையாது. பிறகு என் வாயைப் பார்த்து, “பல் எங்கே?” என்றான். உன் அண்ணனிடம் கேள் என்று சொல்ல ஆங்கிலம் வரவில்லை. தோளைக் குலுக்கினேன். குல் கான் முறுக்க, நான் துணியால் ஒவ்வொரு புரியையும் துடைத்தேன். சயீத் பக்கத்திலேயே நின்று பார்த்தான்.

அன்றைக்குத்தான் மிக்கேலுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

“அதுக்கு இப்பம் என்ன மக்கா?”

“நான் வாறேன். கோர்ட்டுல சொல்லுதேன்.”

“ஒனக்கு கிறுக்காலே? பாஸ்போட்ட புடிச்சு வச்சுருவான். அங்க பின்ன போக முடியாது. வேலயும் போச்சு, மானமும் போச்சு. நான் நடந்து பழகியாச்சு. விடு.”

“வறுவேலு என்ன செய்யான்?”

“கரையில இருந்து கிழிஞ்ச மடி பொத்துதான். என்னைக் கண்டா துப்புவான். துப்பட்டும்.”

அந்தத் துப்பல் என் மேல் விழ வேண்டியது. ஒரு பெஷாவர்க்காரனுக்காக, பாதி தெரிந்த பாஷையில் என்னால் சொல்ல முடிந்தது. சொந்த அண்ணனுக்குச் சொந்தத் தமிழில் இத்தனை வருடமாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் கரையில் இதை வாசிக்கிறவர்கள் வறுவேலுக்கு வாசித்துக் காட்டுங்கள். துடுப்பு வீசியது மிக்கேல் இல்லை. நான்.

வழக்கின் அடுத்த தவணைக்கு ஊருக்குப் போகிறேன். ஷாஜி, திரும்பி வரும் டிக்கட் எந்தத் தேதிக்கு என்று கேட்டார். ஒரு வழி போதும் என்றேன். அறையில் என் சட்டை தொங்குகிற ஆணியில் வேறு யார் சட்டையையும் தொங்கவிடப்போவதில்லை என்கிறான் குல் கான், எத்தனை நாள் ஆனாலும். ஊரில் ரேஷன் கார்டிலிருந்து என் பேரை வெட்டியாயிற்று. ஆள் இல்லாத பேருக்கு அரிசி கிடையாது. நான் போய் இறங்கப்போவது பேர் இல்லாத வீட்டில். விட்டுவிட்டுப் போவது அந்த ஆணியை.