எழுபது வளைவும் ஒரு மட்டாஞ்சேரிக்காரனும்

எங்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் மேடு என்றால் பாலம்தான். அதைத் தாண்டி உயரமாக எதையும் நாங்கள் ஏறிப் பழகியதில்லை. நான் கொச்சங்காடியில் ஒரு மிளகு கோடவுனில் இருபத்திரண்டு வருஷமாகத் தரம் பார்க்கிறவன். ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் உருட்டினால் போதும், எந்த மலையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவேன். ஆனால் அந்த மலைகளில் ஒன்றில்கூடச் சமீபம்வரை என் பைக்கை நானே ஓட்டிக்கொண்டு ஏறியதில்லை. பன்னிரண்டு வருஷம் மூடி வைத்திருந்த விஷயம் இது. இப்போது மூடி வைக்க அவசியமில்லை என்பதால் சொல்கிறேன்.

வெளியே எனக்கு இருந்த பெயரே வேறு. வீட்டுச் சுவரில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருந்தேன். மூணாறில் பைக்கில் சாய்ந்தபடி நான், வால்பாறையில் பைக்கில் சாய்ந்தபடி நான், கொடைக்கானலில், ஊட்டியில். படத்தில் பொய் எதுவும் இல்லை. வண்டி என்னுடையது, நிற்பது நான், பின்னால் தெரிவது அசல் மலை. வண்டியை ஓட்டிக்கொண்டு ஏறியவன்தான் வேறு ஆள்.

அந்த வேறு ஆள் என் நண்பன். போடிக்காரன், மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவன். டைல்ஸ் ஒட்டும் வேலைக்காக எர்ணாகுளம் வந்தவன். எங்கள் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்ட வந்த இடத்தில் வாசலில் நின்ற என் பைக்கைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தான். பாதிச் சுவர் பாக்கி இருக்கும்போதே இரண்டு பேரும் ஆளுக்கொரு வண்டியில் கன்னியாகுமரி போய் வந்துவிட்டோம். வீட்டில் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

சமதரையில் நான் அவனுக்குச் சளைத்தவன் இல்லை. கெட்டுப்போனது மூணாறு ஏற்றத்தில். எங்கள் ஊர்ச் சந்துகளில் வளைவு திரும்பினால் எதிரே லாரி நிற்கும், இல்லாவிட்டால் கைவண்டி, அதுவும் இல்லாவிட்டால் நடுரோட்டில் நாலு ஆடு படுத்திருக்கும். அதனால் வளைவு என்று கண்ணில் பட்டதுமே கை தானாகக் கிளட்சைப் பிடிக்கும், இடதுகால் தானாகத் தரையைத் தேடும். மட்டாஞ்சேரியில் அது ஒருவனைக் காப்பாற்றும். மலையேற்றத்தில் அதே பழக்கம் ஆளைக் கவிழ்க்கும். கிளட்சைப் பிடித்ததும் இழுவை போய்விட்டது, வண்டி பின்னால் உருண்டது, நானும் கூடவே உருண்டேன். பின்னால் வந்த ஜீப் பிரேக் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. அடிவாரம் வந்ததும் நண்பன் கையை நீட்டுவான், நான் சாவியைக் கொடுப்பேன். அவன் என் வண்டியை மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பஸ்ஸில் இறங்கி வந்து, தன் வண்டியில் மறுபடி ஏறுவான். இறங்கும்போதும் இதே கூத்துதான். நான் தேய்த்த சட்டை கசங்காமல் பஸ்ஸில் ஜன்னலோரமாகப் போய், மேலே சாயா குடித்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருப்பேன். பன்னிரண்டு வருஷத்தில் அவன் இதை யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் மகள் பைக் வாங்கும்வரை. காக்கநாட்டில் வேலைக்குப் போகிறாள். ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான், எங்கள் வீட்டுச் சந்திலேயே. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது போனில் வரைபடத்தை விரித்துக் காட்டினாள்.

"அப்பா, கொல்லிமலை. எழுபது ஹேர்பின். நீங்க போகாத மலை இது ஒண்ணுதானே பாக்கி? அடுத்த மாசம் நானும் வரேன். வளைவுல எப்படித் திருப்பணும்னு கூட இருந்து காட்டித் தந்தா மதி, அது போதும்."

"அதுக்கென்ன, போலாம்" என்றேன். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் சுவரில் உள்ள அத்தனை படமும் அவள் கண்ணில் என்னவாகும்? மற்றவர்கள் சிரித்தால் துடைத்துப் போட்டுவிடுவேன். அவள் ஒரு பார்வை பார்த்தால் என்னால் தாங்க முடியாது. ஒரு மாதத்துக்குள் அந்த மலையை நானே ஏறியாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மகளிடம் "வழி பார்த்துட்டு வரோம்" என்று சொல்லிவிட்டு நானும் நண்பனும் கிளம்பினோம். பாலக்காடு, கோயம்புத்தூர் வழியாக ஒரே நாளில் நாமக்கல். இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை அடிவாரத்துக் காரவள்ளியில் வண்டிகளை நிறுத்தினோம். நண்பன் வழக்கம்போலக் கையை நீட்டினான்.

"சாவியக் குடு மாப்ள. பஸ்சு நிக்குது பாரு, போய் ஏறு."

"இல்ல. இந்தத் தடவை நான்தான் ஓட்டுவேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கு எடுத்த எடுப்புல எழுபதாய்யா? சின்ன மலையாப் பார்த்துப் பழகியிருக்கலாம்ல?"

"சின்ன மலையெல்லாம்தான் நான் ஏற்கெனவே ஏறியாச்சே" என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பில் பஸ்ஸிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, "செகண்ட் கியர்ல போ. முன் சக்கரத்தப் பார்க்காத, வளைவு முடியிற எடத்தப் பாரு. கிளட்சு பக்கம் மட்டும் கைய கொண்டு போயிராத" என்று சொல்லிவிட்டுப் பின்னால் வந்தான்.

ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. முதல் இருபத்திரண்டையும் நான் ஓட்டினேன் என்று சொல்வது மரியாதைக்காக. கிளட்சைப் பிடிப்பதும், காலை ஊன்றுவதும், வண்டி நின்றுபோவதும், மறுபடி உதைப்பதுமாகத் தவழ்ந்தேன். இருபத்து மூன்றாவது வளைவில் மேலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. கை போய்க் கிளட்சில் ஒட்டிக்கொண்டது. வண்டி பின்னால் உருண்டது. ஊன்றப் போன காலுக்குத் தரை அகப்படவில்லை. அப்படியே இடப்பக்கம் சாய்ந்தேன். முழங்காலில் செம்மண், சட்டையில் செம்மண், வாயிலும் கொஞ்சம். பஸ் டிரைவர் நிறுத்தி, நான் எழுந்து நிற்கும்வரை காத்திருந்துவிட்டுப் போனார்.

நண்பன் ஓடிவந்து என் காலைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. வண்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்தினோம்.

"போதும் மாப்ள. அடுத்த பஸ்ச நான் கைகாட்டி நிறுத்துறேன், நீ ஏறிக்க. ரெண்டு வண்டியையும் நான் பாத்துக்கிறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவன் நல்லதற்குத்தான் சொன்னான். பன்னிரண்டு வருஷமாக அந்த நல்லதில்தான் நான் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன்.

"அப்போ இந்த இருபத்திமூணு யார் ஏறினதுடா? நீயா?" என்றேன். அவன் தன் வண்டிக்குப் போய்விட்டான்.

எங்கள் கோடவுனில் மூட்டை எண்ணும்போது ஒன்று என்று தொடங்க மாட்டோம். முதல் மூட்டைக்கு 'லாபம்', அப்புறம் இரண்டு, மூன்று. சத்தமாக எண்ண வேண்டும். அப்படி எண்ணுகிறவனுக்கு வேறு நினைப்பு வராது, பக்கத்தில் கூரை விழுந்தாலும் அடுத்த எண்தான் வாயில் வரும். இருபத்து நான்காவது வளைவு கண்ணில் பட்டதும், ஹெல்மெட்டுக்குள் அடித்தொண்டையிலிருந்து "லாபம்!" என்று கத்தினேன். திரும்பிவிட்டேன். "ரெண்டு!" அதுவும் திரும்பியது. நான்காவதைத் தாண்டும்போதுதான் கவனித்தேன், என் இடதுகை சும்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. எண்ணுகிற மும்முரத்தில் அது கிளட்சை மறந்தே போயிருந்தது.

அதற்குப் பிறகு நான் ஏறியதை என்னாலேயே நம்ப முடியவில்லை. வளைவுக்கு வளைவு இஞ்சின் முக்கியது, முனகியது, ஆனால் இழுத்துக்கொண்டு போனது. முப்பதாவது பலகைக்கு மேல் குளிர்க்காற்று வந்தது. சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் என் கத்தலைக் கேட்டு இறங்கி ஓடின. நாற்பதுக்கு மேல் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பத்தொரு வயதில், தன்னந்தனியாக ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டு, இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. எழுபதாவது பலகையைத் தாண்டி வண்டியை நிறுத்தி, "நாப்பத்தேழு!" என்று கத்தினேன்.

பின்னால் வந்து நின்ற நண்பன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எழுபதுன்னுல்லய்யா போட்டிருக்கு?"

"முதல் இருபத்திமூணும் கழிவு. தரம் பார்த்ததில தேறினது நாப்பத்தேழு."

அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான்.

மலைமேல் சோளக்காட்டுச் சந்தையில் வழக்கம் தவறி அவன் எனக்குச் சாயா வாங்கிக் கொடுத்தான். ஒரு கடையில் மிளகைக் கிள்ளி வாயில் போட்டேன். நல்ல சரக்கு, காரம் காதுவரை ஏறியது; கொஞ்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வண்டியோடு என்னைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினான். உடனே போன் வந்தது.

"அப்பா, எந்தா இது கோலம்? மத்த போட்டோலெல்லாம் தேச்ச சட்டையோட மாப்பிள்ளை மாதிரி நிப்பீங்க. இதுல மட்டும் ஒரே மண்ணு?"

விழுந்ததைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஏறியாயிற்று, பொய்யைக் காப்பாற்றியாயிற்று. ஆனால் ஏறிய பிறகு அந்தப் பொய் எனக்குத் தேவைப்படவில்லை.

"அதெல்லாம் பஸ்ஸில போனது மோளே. வண்டிய மாமாதான் ஓட்டினார். இது ஒண்ணுதான் நான் ஓட்டினது. எழுபதும் நானே. இருபத்திமூணுல விழுந்தேன்."

சந்தை இரைச்சலில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"எப்படி விழுந்தீங்க?"

"வளைவைக் கண்டதும் கிளட்சப் பிடிச்சேன். இடதுகாலை ஊனப் போனேன்."

"நானும் அப்படித்தானே ஓட்டறேன்" என்றாள் மெதுவாக. "நீங்கதானே படிப்பிச்சீங்க."

வாயை மூடிக்கொண்டு அடுத்த மாதம் இவளை இங்கே கூட்டி வந்திருந்தால்? வண்டியில் சாய்ந்துகொண்டேன்.

"அப்பா, கேக்கறீங்களா? அடுத்த மாசம் நீங்க முன்னால போங்க. நான் உங்க பின்னாலதான் வருவேன்."

"எண்ணிட்டே வரணும். சத்தமா" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. "செரி" என்றாள்.

போனை வைத்ததும் நண்பன் தொண்டையைச் செருமினான். "எல்லாம் சரிதான் மாப்ள. இனிமே இறங்கணுமே, எழுபதையும்?"

அதை நான் யோசிக்கவே இல்லை. பழக்க தோஷத்தில் அவன் கை நீண்டிருந்தது. அந்த உள்ளங்கையில் நாலு மிளகை வைத்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

"லாபம்" என்றேன்.