எரியாத கால்

எனக்கு வாய் கூட. அதை முதல்லயே சொல்லிப்போடுறன். இந்தக் கதையில பாதி என்ட வாயால வந்த வினைதான்.

புத்தளத்தில உப்புப் பாத்திக்குள்ள இறங்கின முதல் வருசம் கால் வெடிச்சு, உப்புத்தண்ணி பட்டதும் "உம்மாடி" எண்டு துள்ளுவன். கூட வேலை செய்த பொம்புளைகள் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. "பொறுங்க புள்ள, கால் பழகினா எரியாது" எண்டுவாங்க. எங்கட ஆக்களுக்கு அது பெரிய பெருமை. எரியாத கால் இருந்தாத்தான் அவள் உப்புக்காரி.

பத்து வருசத்துக்குப் பிறகு எனக்கும் எரிவு நிண்டுபோச்சு. எப்ப நிண்டதெண்டே தெரியாது. புதுசா வாற புள்ளைகளுக்கு முன்னால வெறுங்காலோட கெத்தா நடந்து காட்டுவன். ஒண்டையும் கணக்கெடுக்காத பொடுபோக்குக்காரி!

அதுக்கு முந்தியே சீனி வருத்தம் எண்டு ஆஸ்பத்திரியில குளிசை தந்திருந்தாங்க. மாசத்துக்கு ஒருக்கா கிளினிக். விடியப் போனா பின்னேரம்தான் வரலாம், அண்டைக்கு வேலை இல்ல, வேலை இல்லாட்டி கூலி இல்ல. உப்பு அள்ளுற காலத்தில ஆர் போற? குளிசையப் பாதி பாதியா உடைச்சுப் போட்டு நாளை இழுத்தன். சீனிய நிப்பாட்டச் சொன்னார் டொக்டர். நல்ல கதை! அந்த வெயிலுக்க கூடை சுமக்கிறவளுக்குப் பத்து மணிக்குப் பாணும், சீனி அள்ளிப்போட்ட பிளேன்டீயும் இல்லாட்டிக் கண் இருட்டும்.

"கால் விறைக்குதா, தொட்டாத் தெரியாம இருக்கா?" எண்டும் ஒருநாள் கேட்டார்.

"இல்ல டொக்டர், எங்கட கால் உப்புக்குப் பழகினது" எண்டு சிரிச்சன். அவரும் எழுதிக்கொண்டு போனார்.

பிறகு அந்த நாள். வானம் கறுத்துக்கொண்டு வந்திச்சு. மழை விழுந்தா அத்தனை உப்பும் கரைஞ்சு போகும். கங்காணி கத்துறார், நாங்க ஓடி ஓடிக் குவிக்கிறம். அப்பதான் வெள்ளைக் குவியலுக்குப் பக்கத்தில சிவப்பு. கோடு கோடா ரத்தம்.

"ஆருக்குக் காயம்? எல்லாரும் காலைத் தூக்கிப் பாருங்கடி" எண்டு பெரிய தலைவி மாதிரிச் சத்தம் போட்டது நான்தான். ஒவ்வொருத்தியும் தூக்கிப் பாத்தாங்க. நான் பாக்கேல்ல. எனக்குத்தான் ஒண்டும் நோகேல்லயே.

பக்கத்தில நிண்டவள் என்ட காலப் பாத்து வாயைப் பொத்தினாள். வரப்புப் பலகையில கிடந்த ஆணி, இடது கால் பெருவிரலுக்கு அடியில முழுசா ஏறியிருந்திச்சு. எத்தின தரம் அந்தக் காலோட கூடையத் தூக்கிக்கொண்டு போய் வந்தனோ, அல்லாஹ்தான் அறிவான்.

அப்பயாவது ஆஸ்பத்திரிக்குப் போனனா? ஆணியப் புடுங்கி, முந்தானையைக் கிழிச்சுக் கட்டி, மழைக்கு முந்தி உப்ப ஏத்தி முடிச்சன். அடுத்த நாளும் போனன், அதுக்கு அடுத்த நாளும். நோகாத காயத்துக்கு ஆர் லீவு எடுக்கிற? மூணாம் நாள் வீட்டில, என்னைக் கட்டின மாப்புள்ளதான் மூக்கைச் சுளிச்சார். "இஞ்சே, என்ன மணக்குது?" எண்டார். கட்டை அவிழ்த்தார். ஓடிப்போய் ஓட்டோ பிடிச்சுக்கொண்டு வந்தார்.

பெருவிரல எடுத்திட்டாங்க. "முதல் நாளே ஏன் வரேல்ல?" எண்டு டொக்டர் கேட்டார்.

"நோகேல்ல டொக்டர்."

அவர் ஏசுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஏசேல்ல. "அதுதான் வருத்தமே" எண்டார். எனக்கு அழுகையும் வந்திச்சு, என்னிலேயே ஆத்திரமும் வந்திச்சு.

இப்பவும் வேலைக்குப் போறன், பூட்ஸ் போட்டுக்கொண்டு. வேற வழி? ஆனா விடிய சுபஹு தொழுதிட்டு ஒரு வேலை இருக்கு எனக்கு. ஒரு கோப்பை தண்ணியில உப்பைக் கலக்கி, இன்னும் கொஞ்சம் உணர்வு மிஞ்சியிருக்கிற வலது கால் வெடிப்பில ஊத்திப் பாப்பன். சுரீர் எண்டு எரிஞ்சா அல்ஹம்துலில்லாஹ், அண்டைக்கு எனக்குப் பெருநாள். மாப்புள்ள பாத்திட்டு, "உனக்கு விசரா?" எண்டு ஏசுவார். ஏசட்டும்.

நாளைக்கு கிளினிக். நாளைக்குத்தான் உப்பும் அள்ளுறாங்க, கங்காணி ஆள் அனுப்பியிருக்கார்.

இண்டைக்கும் ஊத்தினன். பொறுத்துப் பாத்தன். குறைவா எரிஞ்ச மாதிரி இருந்திச்சு. தண்ணியில உப்புக் காணாது போல எண்டு, இன்னும் ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கினன்.