கால்வாய்க்கரை வழியில் இரண்டு பேருக்கு இடம்

பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டூட்டி சார்ட் போட்டவளை யாரும் லேசாக நினைத்துவிடக் கூடாது. எந்த டிரைவருக்கு எந்த வண்டி, எந்தக் கண்டக்டருக்கு எந்தக் கிழமை வார ஓய்வு, யார் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மச்சான் கல்யாணத்தில் பரிமாறிக்கொண்டிருப்பான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. டிப்போவில் அவளைச் சார்ட்டக்கா என்பார்கள். வீட்டில் அவள் பெரியவள். கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கை, அவள் சின்னவள். சின்னவளுக்கு ஐம்பத்து மூன்று வயதாகிறது. அதனால் என்ன, சின்னவள் சின்னவள்தான்.

டிப்போவில் சட்டம் இரண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பலகையில் சார்ட் ஒட்டப்படும். ஆட்சேபணை இருந்தால் மூன்று நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காதவன் சம்மதித்தவன். இது முதல் சட்டம். யாருக்கும் அடுத்தடுத்து இரண்டு டூட்டி கிடையாது, தலைகீழாக நின்றாலும் கிடையாது. இது இரண்டாவது. தூக்கமில்லாதவன் கையில் ஐம்பது உயிரைக் கொடுக்க மாட்டேன் என்பாள். அவள் இருந்தவரை அந்த டிப்போ வண்டி ஒன்றும் பள்ளத்தில் இறங்கியதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன வருஷம் ஓய்வு பெற்றாள். அதன்பிறகு சார்ட் போட வீட்டுக்காரர் ஒருவர்தான் மிச்சம். அவர் கடிகாரம் ரிப்பேர் செய்பவர், சாதுவான மனிதர். செவ்வாய், வெள்ளியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் பொறுப்பு என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் மூன்று நாளுக்குள் எழுத்து மூலமாக ஆட்சேபணை கொடுத்தார். நிராகரிக்கப்பட்டது.

இவ்வளவு சாமர்த்தியம் உள்ளவளோடு சொந்தத் தங்கை நாலு வருஷமாகப் பேசவில்லை. காரணமும் ஒரு சார்ட்தான்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நடந்தது. வார்டுக்குள் துணைக்கு ஒருவர்தான் இருக்கலாம், பாஸ் ஒன்றுதான். பெரியவள் சார்ட் போட்டாள். திங்கள், புதன், வெள்ளி அவள். செவ்வாய், வியாழன், சனி சின்னவள். ஞாயிறு கடிகாரக்காரர். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சின்னவள் ஃபோன் செய்தாள். "அக்கா, அம்மா முகமே சரியில்ல. நாளைக்கும் நானே இருந்துக்கிறேன்." பெரியவள் சொன்னாள், "நாளைக்கு என் டூட்டி. நீ இன்னைக்கு ராத்திரி முழுக்க முழிச்சிருப்ப. காலையில போய்த் தூங்கு. வியாழக்கிழமை வா." நல்லதை நினைத்துத்தான் சொன்னாள். அம்மா புதன்கிழமை சாயங்காலம் நாலேகால் மணிக்குப் போய்விட்டார்.

தூக்கத்திலேயே போய்விட்டார் என்று பெரியவள் எல்லோரிடமும் சொன்னாள். காரியமெல்லாம் முடிந்த அன்று சின்னவள் தன் பையை எடுத்துக்கொண்டு, "உன் சார்ட்டை நீயே வச்சுக்கோ" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. இருவரும் இருப்பது ஒரே ஊர், நாற்பது நிமிஷ பஸ் தூரம்.

இந்த நிலையில்தான் பெரியவள் மலைக்கு நடைபயணம் போவது என்று முடிவு செய்தாள். அம்மாவுக்கு அப்படியொரு ஆசை இருந்தது, மகள்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்து போய் மலையில் கும்பிட வேண்டுமென்று. மலைக்கு இரண்டு வழி. பெரிய ரோட்டு வழியில் ஆறு நாள். ஊரே அதில்தான் போகும். ஒலிபெருக்கி, தள்ளுமுள்ளு, கூட நடக்கிறவர்களின் சர்க்கரை வியாதி விவரம், எல்லாம் உண்டு. கால்வாய்க்கரை வழியில் ஒன்பது நாள். அதில் ஈ காக்கை கிடையாது.

"சுலபமான வழியை விட்டுட்டு ஏன் இந்த வழி?" என்று கடிகாரக்காரர் கேட்டார்.

"கூட்டத்துல ரெண்டு பேர் ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்துடலாம். ஆளில்லாத வழியில யாராவது ஒருத்தர் பேசித்தான் ஆகணும்."

"உன் தங்கச்சிய எனக்குத் தெரியாதா? அவ கல்லுளிமங்கன் வகையறா. அவ பேசறதுக்கு முன்னால மலை பேசிடும்." சற்று யோசித்து, "அவ வரேன்னு சொல்லிட்டாளா?" என்றார்.

"இன்னும் கேக்கல. முதல்ல இடம் பாக்கணும்."

பார்த்தாள். ஆளில்லாத வழி என்றால் லாட்ஜும் இல்லாத வழி என்று அர்த்தம். பழைய டிரைவர்களைப் பிடித்து, அவர்களுடைய மாமனார் ஊர், மச்சினி ஊர் என்று நம்பர் வாங்கி, ஒன்றரை மாதம் ஃபோனும் கையுமாக இருந்தாள். எட்டு ராத்திரிக்கு எட்டு இடம். முதல் ராத்திரி மதகுக் காவலர் வீட்டு மாடி. இரண்டாவது, விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பு. மூன்றாவது, சுகாதார நிலைய நர்ஸ் குவார்ட்டர்ஸில் ஓர் அறை. நாலாவது, மரம் அறுக்கும் மில்லின் மேல்மாடி. இப்படியே மலையடிவாரம் வரை.

ஒவ்வொரு இடத்திலும் எத்தனை பேர் என்று கேட்டார்கள். "ரெண்டு பேர். நானும் தங்கச்சியும்" என்றாள். மதகுக் காவலர் விடவில்லை. "தங்கச்சிக்கு முட்டி நல்லா இருக்காம்மா? எங்க வீட்டு மாடிக்குப் பதினெட்டுப் படி. கைப்பிடி கிடையாது."

பெரியவளுக்குத் தெரியவில்லை. நாலு வருஷத்தில் ஒருத்தியின் முட்டி என்னவாகியிருக்கும் என்று ஃபோனைப் பிடித்துக்கொண்டு எப்படிச் சொல்வது? "நல்லா இருக்கு" என்றாள்.  கூடப் பிறந்தவளின் முட்டியைப் பற்றிப் பொய் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று நினைத்தபடி ஃபோனை வைத்துவிட்டு, தாளில் 'பதினெட்டுப் படி' என்று குறித்துக்கொண்டாள்.

நர்ஸ் அம்மாவுக்கு வேறு கவலை. "குறட்டை விடுவாங்களா? நடுவுல வெறும் பலகைதான்." மில் மேனேஜருக்குக் கவலையே கிடையாது. "வாங்கம்மா, தாராளமா வாங்க, பிரச்சினையே இல்ல." மூன்று முறை ஃபோன் செய்தபோதும் அதே பாட்டு. பிரச்சினையே இல்லை என்று பல்லவி பாடுபவனை டிப்போவில் அவள் ஒருநாளும் நம்பியதில்லை. இவரை நம்பினாள். இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

பிறகு சார்ட் எழுதினாள். நாள், கிழமை, புறப்படும் நேரம், தூரம், தண்ணீர் கிடைக்கும் இடம், தங்குமிடம், திரும்பி வரும் ரயில். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஏதோ எழுத நினைத்து மூன்று தாளைக் கிழித்தாள். நாலாவது தாளில், 'காலையில் குளிரும், கம்பளி கொண்டு வரவும்' என்று எழுதினாள். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் தங்கைக்கு அனுப்பினாள்.

கடிகாரக்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நாற்பது நிமிஷ தூரத்துல இருக்கிறவளுக்கு ரெஜிஸ்டர் தபாலா? நீரடிச்சு நீர் விலகாதுன்னு சொல்வாங்க. நீ நீருக்கே டூட்டி போட்டுட்ட. நேர்ல போய்க் கேட்டா என்ன?"

"மாட்டேன்னு சொல்லிட்டா?"

அவர் லென்ஸை மறுபடி மாட்டிக்கொண்டார். 

ஒப்புகை அட்டை வந்தது, சின்னவள் கையெழுத்தோடு. மூன்று நாள் ஆயிற்று. ஆட்சேபணை வரவில்லை. "சம்மதம்தான்" என்றாள் பெரியவள். "குப்பையில போட்டிருந்தாலும் பதில் வராது" என்றார் கடிகாரக்காரர். அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் இரண்டு தண்ணீர் பாட்டில், இரண்டு விரிப்பு, இரண்டு டார்ச் என்று எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி பஸ். சின்னவள் ஐந்து நாற்பத்தைந்துக்கு வர வேண்டும். வரவில்லை. பெரியவள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு, தோளில் கம்பளியோடு சின்னவள் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. ஏழு நிமிஷத் தாமதத்துக்கு டிப்போவாக இருந்தால் விளக்கம் கேட்டிருப்பாள். இங்கே இரண்டு டார்ச்சில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"எந்த பஸ்?" என்றாள் சின்னவள்.

முதல் நாள் முழுக்க அதுதான் அவள் பேசிய நீளமான வாக்கியம். இரண்டாம் நாள் "தண்ணி" என்றாள். மூன்றாம் நாள் நர்ஸ் அம்மாவிடம் மட்டும் பத்து நிமிஷம் பேசினாள், முட்டி வலிக்குத் தைலம் எது நல்லது என்று. பெரியவள் பலகைக்கு இந்தப் பக்கம் படுத்தபடி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் நீர்க்கோழிகள் இருந்தன. ஆள் யாரும் இல்லை. சைக்கிளில் வந்த ஒருவர், வழி தவறி வந்துவிட்டீர்களா என்று பரிவோடு கேட்டார். இல்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

நாலாம் நாள் இரண்டரை மணிக்கு மர மில்லுக்கு வந்து சேர்ந்தார்கள். பெரிய இரும்புக் கேட் பூட்டிக் கிடந்தது. வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது: புதன்கிழமை விடுமுறை.

பெரியவள் மேனேஜருக்கு ஃபோன் செய்தாள். "வந்துட்டீங்களாம்மா? பிரச்சினையே இல்ல. ஆறு மணிக்கு வாட்ச்மேன் வந்து திறந்துவிடுவார்" என்றார். இருநூறு பேரின் வார ஓய்வைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவள், ஒரு மில்லுக்கு வார ஓய்வு என்றைக்கு என்று கேட்க மறந்துவிட்டாள். இனி ஆறு மணி வரை செய்ய ஒரு வேலையும் இல்லை. சார்ட்டை எடுத்துப் பார்த்தாள். அதில் இந்த மூன்றரை மணி நேரத்துக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே அறுப்பதற்காகக் கிடந்த மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். சின்னவள் செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பிறகு கேட்டில் எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு சொன்னியே. நிஜமா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாலு வருஷமாகச் சொன்னதுதான், நாக்குக்குப் பழகிய பொய். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள்.

"இல்ல. முழிச்சிருந்தாங்க."

"என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. சின்னவ வரலையான்னு. மூணு தடவ."

"நீ என்ன சொன்ன?"

"வியாழக்கிழமை வருவான்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"சரி, அவ தூங்கட்டும்னாங்க."

சின்னவள் காலைத் தேய்ப்பதை நிறுத்தினாள். திட்டுவாள், எழுந்து போவாள் என்று பெரியவள் காத்திருந்தாள். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள்.

"நான் தூங்கல" என்றாள் சின்னவள். "அங்கதான் இருந்தேன். கீழ."

"எங்க கீழ?"

"ஆஸ்பத்திரியில. புதன்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கே திரும்பி வந்துட்டேன். பாஸ் இல்லாம மேல விட மாட்டேன்னாங்க. உனக்கு ஃபோன் பண்ணி, கொஞ்ச நேரம் கீழ வா, நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்னு சொல்லணும். அவ்வளவுதான். நீ சத்தம் போடுவியேன்னு பண்ணல. மருந்துக்கடை பக்கத்துல பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். நாலரைக்கு நீ படியிறங்கி வந்த. உன் முகத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. பின்பக்கமா வெளிய போயிட்டேன். நீ ஃபோன் பண்ணி சொன்னப்போ அப்பதான் தெரிஞ்ச மாதிரி கேட்டுக்கிட்டேன்."

 அம்மா மூன்றாம் மாடியில் கேட்டுக்கொண்டிருந்தபோது இவள் கீழே பெஞ்சில் இருந்திருக்கிறாள். நாலு வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்தது இதற்குத்தானா?

"ஒரு ஃபோன்" என்றாள் சின்னவள். "கையிலதான் வச்சிருந்தேன். பண்ணல. நீ உண்மையைச் சொல்லு. நான் பண்ணியிருந்தா நீ இறங்கி வந்து பாஸைக் கொடுத்திருப்பியா?"

கொடுத்திருப்பேன் என்று சொல்லத்தான் பெரியவளுக்கு ஆசை. அப்படிப்பட்ட அக்காவாகத் தான் இருந்ததாகத் தன் வாயாலேயே ஒருமுறையாவது சொல்லிக் கேட்க அவளுக்கே ஆசையாக இருந்தது. ஆனால் அந்தப் புதன்கிழமை தான் எப்படி இருந்தோம் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

"கொடுத்திருக்க மாட்டேன்" என்றாள். "அம்மா நல்லாதான் இருக்காங்க, வீட்டுக்குப் போய்ப் படுன்னு சொல்லியிருப்பேன். நீ ஃபோன் பண்ணியிருந்தாலும் ஒண்ணும் நடந்திருக்காது."

சின்னவள் அவள் முகத்தையே பார்த்தாள். "சத்தியமா?"

"சத்தியமா."

அப்போதுதான் சின்னவள் அழுதாள். அம்மா செத்த அன்றுகூட அவள் அப்படி அழுது யாரும் பார்த்ததில்லை. வாய்விட்டு, மூக்கு ஒழுக, பெரியவளின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெரியவள் அவள் முதுகில் கையை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அழ வேண்டும்போல் அவளுக்கும் இருந்தது. இவள் முடிக்கட்டும் என்று அடக்கிக்கொண்டாள்.