அத்தையின் சிவப்பு நகம்

எங்கள் அப்பாவுக்குச் சாமியைவிடத் தங்கை மேல் நம்பிக்கை அதிகம். கொரட்டூரில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒற்றை லேத்தை வைத்துக்கொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு புஷ் கடைந்து கொடுத்தார். வண்டியின் பிரேக் பெடலில் பின் நுழைகிற இரும்பு வளையம் அது. வந்த சரக்கை அளந்து பார்க்கிற செக்கிங் மேசையில் அவருடைய தங்கை, அதாவது என் அத்தை, உட்கார்ந்திருந்தாள். பட்டாபிராமிலிருந்து தினமும் ரயிலில் வேலைக்கு வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தேன்மிட்டாயும் அப்பாவுக்கு ஒரு சேதியும் கொண்டுவந்தாள்.

"டிராயிங் மாறிடுச்சுண்ணா. உள்ள போற பின்னு மெலிசாவுது, தொளயும் சின்னதாவணும். புது டிராயிங் கைக்கு வர்ற வரைக்கும் கடையாதே."

எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி கேட்டுக்கொண்டார் அப்பா.

"இன்னாம்மா நீ? கம்பியெல்லாம் அறுத்து வெச்சிகீறேன். வாரக் கடைசில கரண்ட் வேற இருக்காதுன்றான். செக்கிங்ல நீதானே குந்திகினு கீறே!"

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினாள். அதைச் சம்மதம் என்று அப்பா எடுத்துக்கொண்டார்.

பழைய அளவிலேயே கடைந்து அனுப்பிய மூட்டைகள் வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்படியே திரும்பி வந்தன. ஒவ்வொரு வளையத்திலும் சிவப்பு பெயிண்டில் ஒரு பொட்டு. துளையைப் பெரிதாக்கலாம், சின்னதாக்க யாராலும் முடியாது. அத்தனையும் இனி காயலான் கடைக்குத்தான். அப்பா ஒரு வளையத்தை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவும் வரவில்லை.

அன்று சாயங்காலமே அத்தை மல்லிப்பூவோடு வாசலில் வந்து நின்றாள். அம்மா "வா" என்றுகூடச் சொல்லவில்லை. அப்பா எழுந்து லேத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை பூவை என் கையில் கொடுத்தாள். அவள் விரல் நகமெல்லாம் சிவப்பாக இருந்தது. எங்களைக் கவிழ்த்துவிட்டு நெயில் பாலிஷ் ஒரு கேடா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த பொங்கலுக்கு அவள் வரவில்லை. அதற்குள் லேத்தும் கைமாறிப் போய், அப்பா வேறொருவர் பட்டறையில் கூலிக்குக் கடைந்துகொண்டிருந்தார். அண்ணனும் தங்கையும் கடைசிவரை பேசிக்கொள்ளவே இல்லை.

அவளோடு செக்கிங்கில் இருந்த ஒருவர் வெகுநாள் கழித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் கடைந்ததை வேறு யார் கையும் ஒதுக்கக் கூடாது என்று அவளே உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறாள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் பெயிண்ட் போகாத அந்தக் கையோடு, தன் வீட்டுக்குப் போகிற ரயிலை விட்டுவிட்டு, எதிர்ப்பக்க ரயிலேறி எங்களிடம் வந்திருக்கிறாள். எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் நெயில் பாலிஷ்தான்.