ஏழுமலையின் மெஷினில் மல்லாட்டை எண்ணெய்

1

விழுப்புரத்தில் மரம் அறுக்கும் மெஷின்களை ரிப்பேர் செய்தே வயதானவன் நான். அந்த மெஷினில் இரண்டு மூடிகள் உண்டு. ஒன்று பெட்ரோலுக்கு. மற்றது மரத்தை அறுக்கும் பல் செயினுக்கும், அது சுற்றி ஓடும் பார் என்ற இரும்புப் பட்டைக்கும் போகிற ஆயிலுக்கு. பெட்ரோலைப் பயபக்தியோடு அளந்து ஊற்றுகிற மகான்கள், அடுத்த மூடியைக் குப்பைத்தொட்டி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இவர்களில் தலைசிறந்தவன் ஏழுமலை, மரம் வெட்டும் கான்ட்ராக்டர். டிராக்டர் இன்ஜினிலிருந்து இறக்கிய பழைய கருப்பு ஆயிலைத்தான் ஊற்றுவான்.

"ஆயில்னா ஆயில்தானேண்ணா? வழவழன்னு இருந்தா போதாதா?" என்பான்.

செயின் ஆயில் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் செயின் சுற்றுகிற வேகத்தில் தெறித்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். பழைய ஆயிலில் இருக்கிற இரும்புத்தூளும் கசடும் ஆயில் வரும் துளையை அடைக்கும் என்றும் சொன்னேன். கேட்டால்தானே. யாரும் வாங்காததால் செயின் ஆயிலை என் ரிப்பேர் கடையில் வைப்பதையே நானும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலை, காற்றும் மழையும் ஓய்ந்த நேரத்தில், போன் செய்தான்.

"அண்ணா, ஜல்தி வாண்ணா. திருவாமாத்தூர் தாண்டி ரோட்டுல மரம் வுழுந்துட்டுது. மெஷின் பாதி மரத்துல மாட்டிக்கினு நிக்குது. ஆம்புலன்சுல எம் பொண்ணு வலில கத்திக்கினு இருக்குது!"

பைக்கில் பறந்தேன். பெரிய தூங்குமூஞ்சி மரம் ரோட்டை மறித்துக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ். உள்ளே பிரசவ வலியில் அவன் மகள். கோடாலியை ஆப்பாக அடித்து மெஷினை உருவினேன். ஆயில் போகாமல் காய்ந்து ஓடியதில் பார் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. ஆயில் துளையில் கருப்புக் கசடு.

"இந்தக் கருமத்த ஊத்தாதேன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? உனுக்கு எதுக்குடா மெஷினு?" என்று கத்தினேன்.

அவன் மனைவி செல்வி வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். "அப்புறமா திட்டுங்கண்ணா. இப்ப என்னா வேணும், சொல்லுங்க."

"ஒரு ஊக்கு. அப்புறம் எண்ணெய், எந்த எண்ணெயா இருந்தாலும் சரி."

வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். நான் துளையைக் குத்திச் சுத்தம் செய்து டேங்க்கைக் கவிழ்த்து முடிப்பதற்குள் மல்லாட்டை எண்ணெய் பாட்டிலோடு வந்துவிட்டாள்; எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். ஊற்றினேன். எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, பார் நுனியை மரத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டினேன். மரத்தின் மேல் எண்ணெய் கோடாகத் தெறித்தது. உயிர் வந்தது, மெஷினுக்கும் எனக்கும். மரத்தை இரண்டு இடத்தில் அறுத்து உருட்டித் தள்ளினோம். கடைசித் துண்டு உருளும்வரை ஏழுமலையைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் போன் வந்தது. "பேரன்ணா!"

2

சில மாதங்கள் கழித்துத் திண்டிவனத்தில் சவுக்குத் தோப்பு வெட்டப் போன இடத்தில் மெஷின் நின்றுவிட்டது என்று ஏழுமலை தூக்கிக்கொண்டு வந்தான். மூடியைத் திறந்தேன். உள்ளே மஞ்சளாக, பிசின் மாதிரி உறைந்து கிடந்தது. ஆயில் பம்ப் அசையவில்லை.

"என்னாடா ஊத்தின?"

"மல்லாட்டை எண்ணெய்தாண்ணா. கருப்பு ஆயில அன்னிக்கோட வுட்டுட்டேன். எம் பேரனைக் காப்பாத்துன எண்ணெயாச்சே, அதையேதான் ஊத்திக்கினு இருக்கேன். நீதானேண்ணா ஊத்தின?"

சமையல் எண்ணெய் அவசரத்துக்கு ஓடும். வேலை முடிந்ததும் இறக்கிச் சுத்தம் செய்யாவிட்டால் பசையாக இறுகிவிடும். இது எனக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்? திட்ட வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன்.

இன்று என் கடையில் செயின் ஆயில் கேன் எப்போதும் இருக்கிறது. வேலைக்கு வருகிற மெக்கானிக்குகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் விஷயத்தைச் சொல்லுங்கள், பிறகு ஆசை தீரத் திட்டுங்கள். அன்று அந்த ரோட்டில் ஏழுமலையை நான் திட்டாத வார்த்தை இல்லை. "வீட்டுக்குப் போனதும் இந்த எண்ணெய இறக்கிடு" என்பதை மட்டும் சொல்லவே இல்லை.